மூன்று கோடு போட்ட கறுப்புச் சட்டை: போருக்குப் பிந்திய சிசிலிப் பள்ளிச் சட்டை ஒன்றைத் திருத்திய கதை

சிசிலியில் நான் வேலை செய்யும் வீட்டு வயதான அம்மாவை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது கையில் கிடைத்தது. அடித்தட்டில், குளிர்காலக் கம்பளிகளுக்குக் கீழே, ஒரு தலையணை உறைக்குள் சுருட்டி வைத்திருந்தார். வெளியே எடுத்து உதறப் போனேன். "உதறாதே!" என்று கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டார். ஆறு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்கிறேன், அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

விரித்துப் பார்த்தால் ஒரு கிரெம்பியூலே. இத்தாலியில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் உடுப்புக்கு மேலே போட்டுக்கொள்ளும் தளர்வான சட்டை. முழங்கால் வரை வரும். பின்பக்கம் பொத்தான், கழுத்தில் வெள்ளைக் கொலர், கொலருக்குக் கீழே ஒரு ரிப்பன் பூ. இப்போது சின்னப் பிள்ளைகள் நீலத்திலும் ரோஸ் நிறத்திலும் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பெரும்பாலும் கறுப்புத்தான். முசோலினி காலத்தில் பையன்கள் விழா நாட்களில் போட்ட இயக்கச் சீருடை போரோடு ஒழிந்தது. இந்தக் கறுப்பு மேற்சட்டை மட்டும் பள்ளியிலேயே தங்கிவிட்டது.

சிஞ்ஞோராவுக்கு இப்போது 83 வயது. பிறந்தது அஸ்பிராவில். பலெர்மோவுக்குக் கிழக்கே, பகெரீயாவை ஒட்டிய மீன்பிடிக் கிராமம். தகப்பன் படகில் போனவர். தாய் நெத்தலி உப்பிடும் கொட்டிலில் வேலை செய்தவர். சிஞ்ஞோராவின் பூட்டப்பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. பள்ளியில் பழைய காலத்துப் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "இதைத் திருத்திக் கொடுத்தால் பிள்ளை போட்டுக்கொண்டு போகும்" என்றார் சிஞ்ஞோராவின் மகள். நான் யாழ்ப்பாணத்தில் தையல் படித்தவள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இதை இனி ஒருவரும் உடுத்த முடியாது. அக்குளில் இருந்த கிழிசல் ஓரத்தில் ஒரு நூலை விரலால் இழுத்தேன். அது அறுபடவில்லை, பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். பழையதை, இருக்கிற நிலையில் இன்னும் கெடாமல், விரித்து வைத்துப் பார்க்கிற மாதிரித் திருத்துவது. பிள்ளை போட அதே அளவில் புதிது ஒன்று தைப்பது.

ஊசி எடுப்பதற்கு முன் மேசையில் விரித்து வைத்து முழுதாகப் படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மாலை எடுத்தது.

முதலில் துணி. வலது கையின் நீளப்பாட்டில், தையலே இல்லாத இடத்தில், வரிசையாக நெருக்கமான ஊசித் துளைகள். சட்டைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. சுருக்கு வைத்த துணியில்தான் அப்படித் துளை விழும். அதாவது இது முன்பு ஒரு பாவாடையின் இடுப்புப் பக்கமாக இருந்திருக்கிறது. சிஞ்ஞோராவிடம் கேட்டேன். "அப்பம்மாவின் பாவாடை" என்றார். தாத்தா இறந்த நாளிலிருந்து அந்த அம்மா கறுப்பைத் தவிர வேறு உடுக்கவில்லை. சிசிலியில் அந்தத் தலைமுறைக் கைம்பெண்கள் சாகும்வரை கறுப்புத்தான். 1946இல் அவரும் போனபின் மருமகள் அந்தப் பாவாடையைப் பிரித்து மூத்த மகனுக்குப் பள்ளிச் சட்டை தைத்தார். இழவுக்கு உடுத்த கறுப்பும் பள்ளிக்கூடக் கறுப்பும் ஒன்றாக இருந்தது ஏழைத் தாய்மாருக்கு வசதியாகப் போயிற்று. வேறு நிறமாக இருந்திருந்தால் சாயத்துக்கும் காசு தேடியிருக்க வேண்டும்.

துணி போதவில்லை என்பது கையில் தெரிகிறது. இடது கை ஒரே துண்டு. வலது கையில் மூன்று துண்டு ஒட்டு. இரண்டு நேர் இழை, ஒன்று சாய்வு இழை. சாய்வாக வெட்டிய துண்டு இழுபட்டு வளைந்துவிடும் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது; அதனால் அதை உடலோடு ஒட்டி மறைகிற உள்பக்கத்தில் வைத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அப்புறம் நெஞ்சு. இடப்பக்கத்தில் வெள்ளை நூலில் மூன்று கோடு, ரோம எழுத்தில் மூன்று. என்ன வகுப்பு என்பதை இப்படித்தான் காட்டினார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று கோடும் மூன்று வெள்ளை. முதலாவது பழுத்த வெற்றிலைக் காம்பின் நிறம், இரண்டாவது அதைவிட வெளிர், மூன்றாவது கொஞ்சம் தடித்த நூல். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு கோடு கூடியிருக்கிறது. அன்றைக்கு இத்தாலியில் பள்ளி ஒக்டோபர் 1ஆம் தேதி, புனித ரெமீஜியோவின் திருநாளில் தொடங்கும். அதனால் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ரெமிஜீனி என்றே கூப்பிட்டார்கள். சிஞ்ஞோரா ரெமிஜீனாவானது 1948இல்.

அந்த மூன்று கோட்டுக்கும் அடியில் நூல் இல்லாத துளைகள் இன்னும் இருந்தன. இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து வந்து கீழே சேர்கிற வரிசை. அது ரோம எழுத்தில் ஐந்து (V). அண்ணனுடைய ஐந்து. அவர் ஐந்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு அப்பாவோடு படகுக்குப் போனார். அவருடைய சட்டையைத்தான் தங்கைக்கு ஒடுக்கியிருக்கிறார்கள். பக்கத் தையலில் உள்ளே விட்டிருக்கும் துணி இரண்டு விரல் அகலம். வெட்டியெறியவில்லை.

கீழ் விளிம்புதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. மடிப்பு இருந்த இடங்களில் குறுக்கே மூன்று கோடு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏறத்தாழ நாலு சென்ரிமீற்றர். மேலே வெயிலில் வெளுத்த தவிட்டு நிறம். முதல் கோட்டுக்குக் கீழே அதைவிடக் கறுப்பு. அடுத்ததற்குக் கீழே இன்னும் கறுப்பு. கடைசிப் பட்டியில், அந்தப் பாவாடை வாங்கிய நாளில் எப்படி இருந்திருக்குமோ அந்தக் கறுப்பு. பிள்ளை வளர வளர மடிப்பை அவிழ்த்து இறக்கியிருக்கிறார்கள். என் அம்மாவும் என் வெள்ளைப் பள்ளிச் சட்டைக்கு இதையே செய்தார். வெள்ளையில் கோடு தெரியாமல் நீலம் போட்டு மறைக்கலாம். கறுப்பில் மறைக்க வழியில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், இது எத்தனையாவது இறக்கம் என்று.

இந்தச் சட்டை எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக்கியது என்று இங்கே வயதானவர்கள் பாசத்தோடு சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. உள்ளே போட்டிருந்தது அண்ணனுடைய பழைய பெனியனோ, இராணுவக் கம்பளியில் வெட்டிய களிசானோ, அது வெளியே தெரியாது. தொட்டெழுதும் பேனையின் மை சிந்தினாலும் கறுப்பில் போய்விடும். ஆனால் விளிம்பும் கொலரும் பொத்தானும் தெரியும். காலும் தெரியும்.

காலைப் பற்றி நான் கேட்கவில்லை, சிஞ்ஞோராவே சொன்னார். வெயில் காலத்தில் வெறுங்கால். மழைக்கு மரக்கட்டைச் செருப்பு. பள்ளி உதவிச் சங்கத்திலிருந்து, பத்ரொனாத்தோ என்பார்கள், இரண்டாம் வகுப்பில் ஒரு சோடி சப்பாத்துக் கிடைத்தது. இரண்டு அளவு பெரிது. முன்னால் கடதாசி அடைத்துப் போட்டார். கடதாசியை எடுக்க வேண்டிய காலம் வந்தபோது அடித்தோல் போய்விட்டது. 1951இல் இத்தாலியப் பாராளுமன்றம் எட்சியோ விகோரெல்லி தலைமையில் வறுமையை விசாரிக்க ஒரு குழு அமைத்தது. குடும்பம் என்ன சாப்பிடுகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதோடு, சப்பாத்தின் நிலையையும் அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். 13 இலட்சத்து 57 ஆயிரம் குடும்பங்கள் கொடிய வறுமையில் என்று கணக்கு வந்தது. அதிகமானவை தெற்கிலும் தீவுகளிலும். அந்தக் கணக்கெடுத்தவர்கள் பார்க்க வேண்டியதைச் சரியாகவே பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். மற்றதையெல்லாம் ஒரு தாய் இரவில் விழித்திருந்து ஊசியால் சமாளித்துவிடலாம். சப்பாத்தைத் தைக்க முடியாது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் பிழையை முதல் நாளே விட்டேன். அக்குள் கிழிசல் மூன்று சென்ரிமீற்றர்தானே என்று சாதாரண ஊசியில் கறுப்பு நூல் கோத்து இழை பின்னத் தொடங்கினேன். நாலாவது குத்தில் நூலை இறுக்கினேன், துணி ஊசித் துளை வழியே நீளக் கிழிந்துவிட்டது. ஐந்து சென்ரிமீற்றர் ஆயிற்று. ஊசியை வைத்துவிட்டு எழுந்து போனேன். இன்னொருவருடைய தாயின் கைவேலையை நான் கிழித்துவிட்டேன் என்ற நினைப்பில் அன்றிரவு சரியான தூக்கமில்லை.

பழைய கறுப்புப் பருத்தி ஏன் இப்படி உதிர்கிறது? அந்தக் காலத்து மலிவான கறுப்புகளில் கந்தகச் சாயம் முக்கியமானது. கழுவினாலும் போகாது, அதனால் வேலை உடுப்புக்கும் இழவு உடுப்புக்கும் நன்றாக ஓடியது. ஆனால் துணியில் தங்கிய கந்தகம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து காலப்போக்கில் கந்தக அமிலமாக மாறும். அது பருத்தி நாரை உள்ளிருந்தே அரிக்கும். இந்தத் துணியும் அதுதானோ என்ற சந்தேகத்தில், கடையில் விற்கும் அமிலச் சோதனைத் தாள் வாங்கி, உள்மடிப்பில் ஒரு துளி நீர் விட்டு ஒற்றிப் பார்த்தேன். 4 காட்டியது. 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை; அதற்குக் கீழே போகப் போக அமிலம். 4 நல்ல புளிப்பு. அப்படியே விட்டால் நான் என்ன தைத்தாலும் அது பக்கத்தில் கிழிந்துகொண்டே போகும்.

ஆகவே முதலில் அமிலத்தை எடுக்க வேண்டும். ஈரப் பஞ்சால் ஓரிடத்தில் ஒற்றிப் பார்த்தேன், சாயம் ஏறக்குறைய வரவில்லை. குளியல் தொட்டியில் பழைய யன்னல் வலைத் திரையை விரித்து, அதன்மேல் சட்டையைப் படுக்க வைத்தேன். இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்ற விற்கும் உப்பு நீக்கிய தண்ணீர், ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, சட்டை மூழ்கும் அளவுக்கு மெதுவாக ஊற்றினேன். இருபது நிமிடம். தேய்க்கவில்லை, பிழியவில்லை, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி மட்டும் விட்டேன். தண்ணீர் பால் விடாத தேநீர் மாதிரி ஆயிற்று. அதை வடியவிட்டு வெறும் நீரில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் தூக்கியது வலையைத்தான், சட்டையை அல்ல. நனைந்த துணியின் பாரமே அதைக் கிழிக்கப் போதும். பிறகு துவாய்களுக்கு நடுவே வைத்து ஈரத்தை ஒற்றி, நிழலில் தட்டையாகக் காயவிட்டேன். கொடியில் போடவே கூடாது. காய்ந்தபின் சோதனைத் தாள் 6க்கும் 7க்கும் இடையில் நின்றது.

நனைந்திருந்த நேரத்தில் ஒரு வாசம் எழுந்தது. உப்பு, பழைய எண்ணெய், மீன். எழுபது வருடத்துக்கு மேல் ஆன துணியில் அது எப்படி மிஞ்சியது என்று எனக்குப் புரியவில்லை. சிஞ்ஞோராவுக்குச் சொன்னதும் தொட்டிக்கு அருகே நாற்காலி போடச் சொல்லி வந்து உட்கார்ந்தார். வீட்டில் ஒரே அறை. தாய் கொட்டிலிலிருந்து வந்து அந்த உடுப்போடு சமைப்பார், பள்ளிச் சட்டையும் அங்கேதான் ஆணியில் தொங்கும். வகுப்பில் முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்களாம். அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கையால் ஒருமுறை அளைந்தார்.

அடுத்தது தாங்குதுணி. இப்படி நொய்ந்த துணியில் கிழிசலை இழுத்து மூடக் கூடாது. பின்னால் மெல்லிய துணி வைத்து, பாரத்தை அதற்கு மாற்ற வேண்டும். என்னிடம் இருந்த பழைய மல் வேட்டி ஒன்றில் துண்டு வெட்டி, கறுப்புச் சாயத்தில் காய்ச்சி, சாயம் வராத வரைக்கும் அலசி எடுத்தேன். அக்குள், வலது தோள், பின் பொத்தான் பட்டி என்று மூன்று இடத்துக்கும் கிழிசலைவிட நாலு விரல் பெரிதாக வைத்தேன். 12ஆம் எண் ஊசி, ஒற்றை இழைப் பட்டு நூல். கிழிசலுக்கு மேலே நூலை நீளமாகப் படுக்க வைத்து, அதைக் குறுக்கே சின்னச் சின்னக் குத்துகளால் அங்கங்கே பிடித்துவிடுவது. குத்து விழுவது உறுதியான துணியில் மட்டும். நூலை இறுக்காமல் துணிமேல் படுத்திருக்கும் அளவுக்கு விட வேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஆறு ஏழு நூல். நான் கிழித்த அந்த ஐந்து சென்ரிமீற்றருக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

நெஞ்சுப் பக்கத்துக்கு உள்ளே தாங்குதுணி வைக்கப் புரட்டியபோதுதான் அதைப் பார்த்தேன். மூன்றாவது கோட்டின் நூல் பின்னால் அறுக்கப்படவில்லை. நாலு விரல் நீளத்துக்கு வால் விட்டு, சுருட்டி, ஒரே ஒரு குத்தில் பிடித்து வைத்திருந்தது. முதலில் கவனக்குறைவு என்று நினைத்தேன். இவ்வளவு ஒழுங்காகத் தைத்தவர் நூலை அப்படி விடமாட்டாரே. சிஞ்ஞோராவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பிரிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று விட்டது, மகளே. நாலாம் வகுப்புக்கு ஒரு கோடு கூட்டினால் போதாது, நாலு என்பது IV. இரண்டைப் பிரித்துவிட்டுத்தான் தைக்க வேண்டும்."

1951 கோடையில் அவர் நெத்தலித் தலை கிள்ளப் போனார். ஒன்பது வயது. அந்த ஒக்டோபரில் அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. 1948இன் அரசமைப்பில் எட்டு வருடக் கல்வி கட்டாயம், இலவசம் என்று எழுதியிருந்தது. அந்த நூல் வாலைத் தொடாமல் இருந்தபடியே விட்டு, சுற்றிவரத் தாங்குதுணியை வெட்டி வைத்தேன்.

சிஞ்ஞோராவின் மகளுக்கும் எனக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தது இங்கேதான். முழுச் சட்டையையும் மறுபடி கறுப்புச் சாயத்தில் போட்டால் கோடு, துளை எல்லாம் மறைந்து புதிதாகத் தெரியுமே என்றார். சாயத்தின் சூட்டையும் உப்பையும் இந்தத் துணி தாங்காது என்றேன். அது ஒரு காரணம்தான். தாங்கினாலும் நான் செய்திருக்க மாட்டேன் என்பதையும் சொன்னேன். அந்தக் கோடுகளும் துளைகளும் போனால் அது ஏதோ ஒரு கறுப்புத் துணி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா எந்த வகுப்போடு நின்றா என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்" என்றார்.

பின்பக்கத்து ஐந்து பொத்தானும் ஐந்து விதம். இரண்டு எலும்பு, ஒன்று தகரத்துக்குத் துணி சுற்றியது, ஒன்று இராணுவச் சட்டையிலிருந்து வந்தது போன்ற காக்கி நிறம், ஒன்று சிப்பி. தகரம் துருவேறித் துணியில் வட்டமாகக் கறை விட்டிருந்தது. அதன் கீழே மட்டும் ஒரு சின்ன மெழுகுத்தாள் வட்டம் வைத்தேன். பை உள்துணி மாவுச் சாக்கு. நீல எழுத்தில் இரண்டு எழுத்துகள் பாதி அழிந்து நிற்கின்றன. உன்ரா மாவு என்றார் சிஞ்ஞோரா. ஐக்கிய நாடுகள் நிவாரண அமைப்பை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மாவைத் தின்று, சாக்கை உடுத்த காலம்.

கொலர் தனியாக இருந்தது. நாலு சின்னப் பொத்தானில் மாட்டிக் கழற்றுவது. சட்டையைத் தோய்க்காமல் கொலரை மட்டும் தோய்த்துக்கொள்ளலாம். படுக்கைவிரிப்பில் வெட்டியது, பருத்தி உறுதியாகவே இருந்தது. சவர்க்கார நீரில் ஊறவைத்து அலசி வெயிலில் காய வைத்தேன், மஞ்சள் பாதி போயிற்று. கஞ்சி போடவில்லை. வைத்துப் பாதுகாக்கும் துணிக்குக் கஞ்சி போட்டால் பூச்சி வரும். ரிப்பன் கிடைக்கவில்லை. இருந்ததே இல்லை, தாய் சனிக்கிழமை போடும் தலைத்துணியின் கீலத்தில் பூக் கட்டிவிடுவாராம்.

புதிய சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பில்லாத கறுப்புப் பருத்தி ஒன்றரை மீற்றர், மீற்றர் ஏழு யூரோ. பழையதன் மேல் வலைத்துணி போட்டு அளவெடுத்துக் கடதாசியில் வெட்டினேன். மேல்பட்டியில் இரண்டு மடிப்பு, பக்கத்துக்கு ஒரு பை, பின்னால் ஐந்து பொத்தான், இடுப்புக்கு வார். கொலருக்கு வடித்த கஞ்சி போட்டு, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி பிடித்தேன். மட்டை மாதிரி நின்றது. கீழே பன்னிரண்டு சென்ரிமீற்றர் உள்மடிப்பு விட்டேன். ஒருநாள் போடுகிற சட்டைக்கு இவ்வளவு எதற்கு என்று பிள்ளையின் தாய் கேட்டார். "அப்படித்தான் தைப்பது" என்று சிஞ்ஞோரா எனக்காகப் பதில் சொன்னார்.

நெஞ்சில் எண்ணை மட்டும் தானே தைப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலாம் வகுப்பு. சோக்கால் கோடு போட்டுக் கொடுத்தேன், நூல் கோத்துக் கொடுத்தேன். யன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தார். நேர்கோடு ஒழுங்காக வந்தது. சாய்கோடு இரண்டாவது கொஞ்சம் விலகிப் போயிற்று, பிரித்து மறுபடி தைத்தார். முடிந்ததும் கத்தரிக்கோலை நீட்டினேன். வாங்கவில்லை. துணியைப் புரட்டி, மிச்ச நூலை நாலு விரல் அளவுக்குச் சுருட்டி, ஒரு குத்தில் பிடித்துவிட்டு, ஊசியைக் கழற்றி என்னிடம் தந்தார்.